மீன் பெட்டிக்குள் ஒரு முழு நாள்

நான் ஓமனுக்குப் போக வேண்டியவள். போய்ச் சேர்ந்தது மாமல்லபுரத்துக்கு.

எங்களுடையது கோயம்புத்தூரில் இயங்கும் சிறிய நிறுவனம். கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் அளந்து செல்போனுக்கு அனுப்பும் கருவிகளைச் செய்கிறோம். அவற்றைக் கிணறு கிணறாகப் போய்ப் பொருத்துவது என் வேலை. ஓமன் பாலைவனத்தில் ஆறு மாத வேலை ஒன்று வந்தபோது அது உனக்குத்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது ஒரு மருத்துவச் சான்றிதழ். சிறுநீரக மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அவர் மறுத்ததில் நியாயம் உண்டு. எனக்கு இரண்டு முறை கல் வந்திருக்கிறது. முதல் கல், அலுவலகக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது வந்தது. வலியைப் பத்துக்கு எத்தனை என்று சொல்லச் சொன்ன நர்ஸிடம், பத்து என்பதற்கு வரையறை என்ன என்று கேட்டேனாம். தரையில் சுருண்டு கிடந்தபடி. இரண்டாவது கல்லை லேசர் வைத்து உடைத்தார்கள்.

"மூணாவது கல்லு பாலைவனத்துல வந்தா யாருங்க ஒடைக்கறது?" என்றார் டாக்டரம்மா. "ஏன் வருதுன்னே தெரியாம நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் தடவை வரை போகும் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பெரிய வெள்ளைக் கேனில் பிடிக்க வேண்டும். குளிர்ச்சி குறையாமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம், உப்பு, கல் சேராமல் தடுக்கிற சிட்ரேட் எல்லாவற்றையும் அளப்பார்கள். உடம்பின் ஒரு நாள் கணக்கு முழுவதும் அந்தக் கேனில் இருக்கும். "வழக்கம்போல இருங்க," என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார்.

சோதனை என்று ஒன்று வந்துவிட்டால் வழக்கம்போல இருக்கத் தெரியாத பிறவி நான். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, உப்பில்லாத பொரியல், எலுமிச்சம்பழச் சாறு, அலாரம் வைத்து மணிக்கொரு செம்புத் தண்ணீர். கேன் நிரம்பி, அம்மாவின் சாம்பார்ப் பாத்திரம் ஒன்றும் பறிபோகும் நிலை வந்தது. முடிவில் எல்லா எண்களும் அழகாக இருந்தன. நான் பெருமையாக நீட்டினேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க மூத்திரம் இல்லீங்க. பரீட்சைக்குப் படிச்சுட்டு வந்த மூத்திரம். இந்தப் பொண்ணுக்குக் கல்லே வராதே. கல்லு வர்ற பொண்ணை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

அன்றைக்கே வேறு சில குட்டுகளும் கிடைத்தன. கல் கால்சியத்தால் ஆனது என்று படித்துவிட்டு நானாகவே பாலையும் தயிரையும் நிறுத்தியிருந்தேன். ஈடுகட்டத் தினமும் பசலைக்கீரையும் கைநிறைய பாதாமும். அது தலைகீழ் வைத்தியமாம். சோற்றோடு போகும் தயிர், கீரையில் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். தயிரை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் நேரே சிறுநீரகத்துக்கு வரும். ஆரோக்கியம் என்ற பெயரில் கல்லுக்கு மூலப்பொருள் இறக்குமதி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"அடுத்து வேலைக்கு வெளியூர் போறப்ப ஒரு நாள் பிடிங்க. பிடிச்சுட்டு அங்கயே லேப்ல குடுத்துடுங்க," என்றார். அடுத்த வெளியூர் செங்கல்பட்டு மாவட்டம். கருவிகள், கயிறு, ஸ்பானர் செட் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வெள்ளைக் கேன் என்னோடு புறப்பட்டது.

முதல் நாள் மாமல்லபுரத்தில் வேலை இல்லை, சுற்றிப் பார்த்தேன். தெருவுக்குத் தெரு உளிச் சத்தம். கல்லை உடைத்துக் காசாக்குகிற ஊருக்குக் கல்லை உடைக்கக் காசு கொடுத்த நான் வந்திருப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் இன்னும் ஒரு ஞாபகம் குத்தும். நிறுத்திக்கொண்டேன்.

மாலையில் கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்தில் பொரித்த வஞ்சிரம். பக்கத்து மேசையில் நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி. அந்த அம்மாள் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் குழந்தையைப் போல இடுப்பில் அணைத்தே வைத்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் கேட்டது மெனுவை அல்ல. கழிவறை எங்கே என்று. கடை முழுக்கக் கேட்கும் குரலில்.

அவர் திரும்பி வந்ததும் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த ஊரில் நீ பார்க்க வேண்டிய இடங்கள் என்று குறித்து வைத்திருப்பது எல்லாம் கழிவறைகள்தானா?"

"நான் குடிக்கிறேன். அதனால் போகிறேன். இதில் உனக்கு என்ன ஆச்சரியம்?" என்றபடி அந்த அம்மாள் மறுபடி குடித்தார்.

கொஞ்சம்கூடக் கூச்சமில்லையே என்று நினைத்துக்கொண்டு, என் வஞ்சிரத்துக்கு இன்னும் கொஞ்சம் உப்புத் தூவிக்கொண்டேன்.

மறுநாள்தான் கேன் நாள். இட்லி, வடகறி, காபி. வடகறியை நான் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோக விரும்புகிறேன். அங்கே அதை விளக்கவே எனக்கு ஒரு பக்கம் தேவைப்படும். ஆட்டோ ஓட்டுநர் முனுசாமி வாசலில் காத்திருந்தார். முந்தின நாளே அவரிடம் ஐஸ் வைக்க ஒரு பெட்டி கேட்டிருந்தேன். வெள்ளைத் தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மீன் வாசம் தெருமுனை வரை வந்தது.

"எங்க மாமா மீன் பொட்டி மேடம். கயுவித்தான் எடுத்தாந்தேன். இன்னாத்துக்கு இது?"

"சாம்பிள் வைக்கறதுக்குங்க."

"கெணத்துத் தண்ணிக்கு ஐஸ் போடுவாங்களா?"

"இதுக்குப் போடணுங்க," என்றேன். பொய் சொல்லவில்லை.

கேனைக் கறுப்புப் பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். சதுரங்கப்பட்டினம் போகும் வழியெல்லாம் பெட்டி என் பக்கத்தில் ஒரு பயணியைப் போல உட்கார்ந்து வந்தது. சவுக்குத் தோப்புகள், கல்பாக்கம் போகும் ஊழியர் பேருந்துகள், நடுரோட்டில் கோழி துரத்தும் நாய்.

இந்த இடத்தில் என் 'ஒட்டகத் திட்டம்' பற்றிச் சொல்ல வேண்டும். வெளிவேலை நாட்களில் காலைக் காபிக்குப் பிறகு, திரும்ப அறைக்கு வரும் வரை நான் தண்ணீர் தொடுவதில்லை. கிணறுகள் இருக்கும் இடத்தில் வயல் இருக்கும், முள் இருக்கும், ஆண்கள் இருப்பார்கள், கழிவறை இருக்காது. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் மூத்த பெண் பொறியாளர் ஒருவர் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். நான் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். ஓமனிலும் அது கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். ஒட்டகத்துக்கே உரிய ஊராயிற்றே.

டச்சுக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி முதல் கிணறு. அந்த வீட்டுக்காரம்மா எங்களுக்கு இரண்டு சொம்பில் மோர் கொண்டுவந்தார். "வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்," என்றேன். வெளிவேலைப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம். அவர் முகம் சுருங்கியது. முனுசாமி இரண்டு சொம்பும் குடித்துவிட்டுத் தென்னை மறைவுக்குப் போனார். எவ்வளவு எளிது!

இரண்டாவது கிணறு. மூன்றாவது. வெயில் மண்டையில் இறங்கியது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் உப்பு. எங்கள் ஊரின் தித்திக்கும் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு அது மருந்து மாதிரி இருக்கிறது.

"இந்த உப்புத் தண்ணியாலதான் மேடம் இங்க அல்லாருக்கும் கல்லு வருது," என்றார் முனுசாமி.

நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னபோது, "சிறுவாணித் தண்ணி குடிக்கற உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

மதியம் சின்ன மெஸ் ஒன்றில் சாப்பாடு. கருவாட்டுத் தொக்கு, அப்பளம், ஊறுகாய். வழக்கம்போல என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? மூன்றையும் ஒதுக்கவில்லை. டம்ளரில் வைத்த தண்ணீரை மட்டும் தொடவில்லை; அதுவும் வழக்கம்போலத்தான்.

"மேடம், எப்ப சாம்பிள் எடுப்பீங்க? ஐஸ் கரைஞ்சிகினு கீது," என்றார் முனுசாமி, பெட்டியை எட்டிப் பார்த்தபடி.

"எடுப்பேன். நேரம் வரட்டும்."

"மூணு கெணறு பாத்தாச்சி. ஒண்ணுலயும் நல்ல சாம்பிள் கெடைக்கலியா?"

என் காது வரை சூடேறியது. பதிலுக்கு அவரிடம் ஸ்பானரை நீட்டினேன்.

பொழுது சாய்ந்தபின் அறைக்குத் திரும்பினேன். ஒட்டகம் லாயம் சேர்ந்தது. தலைவலி. கேனைப் பையோடு பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காரியத்தை முடித்து மூடினேன். மறுநாள் காலையிலும் அப்படியே. நம்முடையதுதான் என்றாலும் பார்க்கப் பிடிக்கவில்லை.

முனுசாமிக்குக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சவாரி. ஆகவே புது ஐஸ் போட்ட பெட்டியோடு நான் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஓர் ஆய்வகம், கேட்டு வைத்திருந்தேன்.

"மீன் பொட்டியெல்லாம் பின்னாடி வைம்மா," என்றார் நடத்துநர். "இது மீன் இல்லைங்க" என்று தொடங்கினேன். என் மூக்குக்கே அது நம்பும்படியாக இல்லை. வைத்தேன். பின்னால் அதே அளவில், அதே வெள்ளையில், இன்னொரு பெட்டி இருந்தது. அதன் சொந்தக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னியம்மா, மாமல்லபுரம் குப்பத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிறவர்.

"இன்னா மீனு?" என்றார்.

"மீன் இல்லைங்க. டெஸ்டுக்குக் கொண்டுபோறேன்."

"மீனுக்கே டெஸ்ட்டு வந்துட்ச்சா? எங்க பொயப்புல மண்ணப் போடாதீங்கம்மா."

எனக்குக் கல் பிரச்சினை, அதற்கான சோதனை என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். பெட்டிக்குள் இருப்பது என்னவென்று மட்டும் சொல்லவில்லை. கல் என்றதும் அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார்.

"எனுக்கும் வந்துச்சி தங்கச்சி! மூணு புள்ள பெத்தேன், வாய் தொறக்கல. அந்தக் கல்லுக்குக் கத்துனேன் பாரு, கடலுக்குப் போன எங்க வூட்டுக்காரரு பாதியில திரும்பி வந்துட்டாரு. வாயத்தண்டு சாறு குடிச்சேன். பூட்ச்சி."

"மறுபடி வராம இருக்கணுமில்லீங்க?" என்று நான் தொடங்கினேன். எனக்குப் பட்டியல் கிடைத்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. உப்பைக் குறைக்கணும், உப்பு வெளியே போகும்போது கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பாலை, மோரை நிறுத்தக் கூடாது. எலுமிச்சம்பழம் நல்லது. எல்லாவற்றையும்விடத் தண்ணீர்.

"உப்ப கொறச்சா அது கருவாடா?" என்றார் கன்னியம்மா. "சரி, தண்ணி குடிக்கறேன்னு வச்சிக்கோ. குடிச்சிட்டு எங்க போறது? கருக்கல்ல கெளம்பி வந்தா வூட்டுக்குப் போவ மதியம் தாண்டிடும். மார்க்கெட்டுல எங்களுக்கு எங்க கக்கூசு கீது? படிச்ச பொண்ணாச்சே, சொல்லேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் மலை போய்க்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் அவர் மார்க்கெட் பக்கமே இறங்கிவிட்டார். நான் பஸ் நிலையத்தில் மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆய்வகம் போனேன். பெட்டி முன்பைவிடக் கனமாக இருந்தது. அளப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு அது உறைக்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாகச் சங்கரா மீன்கள், வரிசையாக, வாய் பிளந்து.

"மேடம்," என்றார் அவர் மிகுந்த மரியாதையோடு, "இது நாங்க டெஸ்ட் பண்றதில்ல மேடம்."

இரண்டு நொடி எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. என் முழு நாள், டாக்டரம்மாவின் கையெழுத்து, ஓமன், எல்லாமே இப்போது ஒரு மீன் கடையில் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் கையில் தூக்கிப் பார்க்கும் தூரத்தில்.

மார்க்கெட்டுக்குள் மீன் பெட்டியோடு ஓடினேன். வழியில் இரண்டு பேர் விலை கேட்டார்கள். கன்னியம்மா தன் இடத்தில் நின்றிருந்தார். பெட்டி திறந்திருந்தது. கறுப்புப் பை கழன்று கீழே கிடந்தது. கேனை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரம்மாவும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லெண்ணயாட்டம் கீதுடி," என்றார் பக்கத்துக் கடைக்காரம்மா. "மூடியத் தொற, மோந்து பாப்போம்."

"தொறக்காதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் மார்க்கெட்டே திரும்பியது.

"வாம்மா மகராசி!" என்றார் கன்னியம்மா. "எம்மீன எங்க கொண்டு போன? யாவாரம் போயி பேஜாராப் பூட்ச்சு. இன்னா இது?"

சொன்னேன். வேறு வழி இருக்கவில்லை. கன்னியம்மா கேனை மெதுவாக, மிக மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கடைக்காரம்மா, அதற்குப் பக்கத்துக் கடைக்காரம்மா, மீன் வெட்டுகிறவர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இடுப்பில் குத்தியது.

"எப்ப புடிச்சது?" என்றார் கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நேத்துக் காலையிலருந்து இன்னைக்குக் காலை வரைக்குங்க."

"ஒரு நாளு பூராவுமா? இம்மாத்தூண்டுதானா? எம்பேத்தி ஒரு தபா போனா இதவிட ஜாஸ்தி போவும்!"

அப்போதுதான் நான் முதல்முறையாகக் கேனுக்குள் இருப்பதைப் பார்த்தேன். பக்கவாட்டில் அளவுக் கோடுகள் போட்ட கேன். அடியில் கரும்பழுப்பாகக் கொஞ்சம். மேலே முழுக்கக் காலி. கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தே நீர்மட்டம் சொல்லிப் பந்தயத்தில் ஜெயிப்பவள் நான். என் கிணறு வற்றிக் கிடந்ததை மீன் மார்க்கெட்டில் நின்று பார்த்தேன்.

பெட்டிகள் கை மாறின. "அந்த ஐசு எனுக்கு வேணாம், நீயே வச்சிக்க," என்றார் கன்னியம்மா. நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி, அந்த டெஸ்ட்டு எடுக்கற எடத்துல கக்கூசு கீதா?"

"இருக்குங்க."

அவர் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் திரும்பினார். "இத்த கொஞ்சம் பாத்துக்கடி. தோ வந்துடறேன்."

ஆட்டோவில் கேனை மடியில் வைத்துக்கொண்டு நானும், சங்கரா மீன் வாசத்தோடு கன்னியம்மாவும் ஆய்வகத்துக்குப் போனோம். நான் கேனை ஒப்படைத்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டு வந்து, அங்கிருந்த குடிநீர்க் குழாயில் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், மூன்றாவது டம்ளரும் குடித்தார். "இனிமே மதியம் வரைக்கும் தாங்கும்," என்றார். பிறகு டம்ளரைக் கழுவி நிரப்பி என்னிடம் நீட்டினார். நான் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். அதை விழுங்கிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாளே முடிவு வந்தது. டாக்டரம்மா போனில் படித்தார். சிறுநீர் ஒரு லிட்டர்கூட இல்லை. உப்பு அதிகம். சிட்ரேட் குறைவு. "பாகு காய்ச்சினா கற்கண்டு கட்டறது மாதிரிதாங்க. தண்ணி சுண்டினா உள்ள இருக்கறது கட்டத்தானே செய்யும்? தினமும் ரெண்டரை லிட்டர் வெளிய வரணும். அதுக்கு எவ்வளவு குடிக்கணுமோ குடிங்க. இப்ப குடுத்ததுதாங்க உங்க மூத்திரம்." என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிக மோசமான மதிப்பெண்ணுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

"அப்ப ஓமன்?" என்றேன்.

"அங்க போயித் தண்ணி குடிக்க முடியும்னு நீங்க சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மாமல்லபுரத்தில் கடைசி நாள். நான்காவது கிணறு பாக்கி. முனுசாமியின் ஆட்டோவில் இந்த முறை பெட்டிக்குப் பதில் தண்ணீர் பாட்டில். கிணற்றுக்குப் போவதற்குள் பாட்டில் காலி. அதன் விளைவும் வந்துவிட்டது. கேட்டைத் திறந்த வீட்டுக்காரம்மா வாங்க என்று சொல்வதற்கு முன்பே கேட்டேன்: "அக்கா, பாத்ரூம் எங்கக்கா இருக்கு?" நான் நினைத்ததைவிடச் சத்தமாக. முனுசாமி சட்டென்று திரும்பி ஆட்டோ கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"பின்னால கீதும்மா. இதுக்கு இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்குது? போ, போ," என்றார் அந்த அக்கா. அவ்வளவுதான். ஒட்டகத்தின் இத்தனை வருஷத் தவம் ஒரு வாக்கியத்தில் கலைந்தது. எல்லாக் கிணற்றுக்குப் பக்கத்திலும் ஒரு வீடு இருக்காது என்பதும், கன்னியம்மாவின் மார்க்கெட்டில் இப்படிக் கேட்டுப் போக ஒரு வீடுகூட இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் மேலாளர் அழைத்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று.

"அவங்க போட்டுடுவாங்க சார். நான்தான் இன்னும் போடலை. அங்க ஒவ்வொரு கிணத்துக்கும் பக்கத்துல கழிவறை எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னா வண்டியிலயே ஒண்ணு வேணும்."

மேலாளர் என் கேள்வியை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். "இதுவரைக்கும் போன எத்தனையோ பேர்ல ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லையேம்மா."

"போனவங்க எல்லாரும் ஆம்பளைங்க சார்," என்றேன். சொல்லிவிட்டு முனுசாமியிடம், அடுத்த பெட்ரோல் பங்கில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.